எண்ணெய் குடிக்காத பிரம்பு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையில் அடி வாங்குகிற பிள்ளை சாகவில்லை. பிழைத்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, வீட்டில் எல்லாரையும் அதட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தது. நடுவில் கேட்கத் தாங்காதபோது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களில் வாத்தியார் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். தொண்டை கட்டிப்போய்த்தான் வந்திருக்கிறீர்கள், குரலே சொல்கிறது. சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா என்று நாட்டின் சுதந்திரத் தேதியைச் சொன்னார்களே, அந்த வருஷக் கடைசியில் நடந்தது. காஜா பெராங்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. மாடியும் மணிக்கூண்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கூடம். நடுவில் சுவர் கிடையாது. இரண்டு கரும்பலகைகளை முதுகோடு முதுகாக நிறுத்தியிருப்பார்கள். இந்தப் பக்கம் சின்ன வகுப்புகள் மூன்றும் சாரதாம்பாள் டீச்சரிடம். அந்தப் பக்கம் பெரிய வகுப்புகள் மூன்றும் நல்லையா வாத்தியாரிடம். இவள் ‘ஆடு’ என்று கத்தினால் அவர் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்துவார். யார் குரல் பெரிதோ அவர்கள் பாடம்தான் பிள்ளைகள் காதில் விழும். கோடியில் உயரமான மேடையில் பெரிய வாத்தியார் அப்பாசாமியின் மேசை. அங்கே உட்கார்ந்தால் ஒரு பிள்ளை மூக்கை நோண்டினால்கூடத் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். சரசுவதி பூஜைக்கு மறுநாள் பெற்றவர்கள் ஆளுக்கொரு பிரம்பு கொண்டுவருவார்கள், ரோத்தான் என்பார்கள் அதை. படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வெற்றிலையோடு வாத்தியார் கையில் கொடுப்பார்கள். கொடுக்கும்போது, “கண்ணு ரெண்டையும் விட்டுடுங்க, மத்ததெல்லாம் உங்களுது,” என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

வழக்கம் அதோடு முடியவில்லை. அப்பாசாமி அதற்கு ஒரு வால் வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் பிரார்த்தனை முடிந்ததும் வாத்தியார்களின் பிரம்பை வாங்கிப் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அடியிலிருந்து நுனிவரை உருவுவார். நுனி நார்நாராகப் பிரிந்திருந்தால் அந்த வாத்தியார் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். வழவழவென்று இருந்தால் அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை நல்லையா மாட்டிக்கொண்டார்.

“என்னய்யா நல்லையா, ரோத்தான் புது மாப்பிள்ள மாதிரி பளபளன்னு இருக்கு? பொண்ணு பாக்கப் போறீரா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. நல்லையா நாற்பது வயதைத் தாண்டியவர், காது ஓரம் நரைத்தவர். “போன வாரம் காய்ச்சலுங்க சார்,” என்றார்.

“காய்ச்சல் உமக்கா, ரோத்தானுக்கா? நீட்டும் கைய.”

நீட்டினார். சின்னப் பிள்ளை நீட்டுகிற மாதிரியே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நீட்டினார். அப்பாசாமி அந்தப் பிரம்பாலேயே உள்ளங்கையில் விளாசினார். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லையா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தன் பக்கம் போனார். போனதும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவனின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் தப்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை அடித்தன. சின்னப் பிள்ளைகள் கம்போங் செட்டிப் பக்கம் படுத்திருந்த நாய்களின்மேல் கல்லெறிந்தன.

அப்பாசாமி கெட்டவராகப் பிறந்தவர் இல்லை. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில், பெரிய பிள்ளைகளைப் பால்மரம் வெட்ட அனுப்பவில்லை என்று ஒரு துரை அவரைச் சப்பாத்துக் காலால் உதைத்திருக்கிறான். விழுந்த இடத்திலிருந்து எழுந்து, “எஸ் சார்” என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனவர் அவர். இப்போது புதுச் சட்டம் வருகிறது, தேறாத பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பயத்தில் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. பயந்தவன் கையில் பிரம்பு இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாரதாம்பாளுக்கு இருபது வயதுதான். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ரப்பர்ப் பால்வாளி தூக்காமல் சாக்கட்டி தூக்கின முதல் பெண் அந்த வீட்டில் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெரிய வாத்தியார் நல்ல வார்த்தை சொன்னால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி தோட்டம். கம்போங் செட்டியில் நியோமா என்கிற அம்மாள் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிப்போன தமிழ் வம்சம். அந்த அம்மாளுக்குத் தமிழ் சாமி பெயர்கள் தெரியும், தமிழ் பேசத் தெரியாது. மலாய்தான். சாயங்காலம் குரல் போய் வருகிற டீச்சருக்கு உப்புத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து, “காசிஹான், காசிஹான்,” என்று உச்சுக்கொட்டுவாள். பாவம் பாவம் என்று அர்த்தம்.

வந்த புதிதில் ஒருநாள் காலையிலிருந்தே மழை. தகரத்தின்மேல் மழை விழுந்தால் கூடத்துக்குள் தன் குரல் தனக்கே கேட்காது. சாரதாம்பாள் கத்திக் கத்தித் தொண்டையில் இரத்தச் சுவை வந்துவிட்டது. தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கென்று கக்கூஸ் கிடையாது. வீட்டுக்குப் போகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடிவயிறு கல்லாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வந்து, “டீச்சர், ஒண்ணுக்கு,” என்றான்.

அடித்தாள். தோளில், முதுகில், எங்கே பட்டது என்று பார்க்காமல் அடித்தாள். பையன் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டான்.

அடித்ததுகூட அவளைப் பயமுறுத்தவில்லை, கண்ணுகளா. அடித்து முடித்ததும் தலைவலி போய்விட்டது. சில்லென்ற தண்ணீரில் முகம் கழுவின மாதிரி ஒரு சுகம். அந்தச் சுகத்தில்தான் பயந்துபோனாள். நல்லையா வாத்தியாரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு பையனை விளாசிவிட்டு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முகம் தெளிவாக இருந்தது. தானும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள். வேலையும் போகக் கூடாது, அந்தச் சுகமும் மறுபடி வரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனபின், வெளியே கால்வாயின் சிமெண்டு விளிம்பில் பிரம்பின் நுனியைத் தேய்தேய் என்று தேய்ப்பாள். நார் பிரிந்துவிடும். திங்கட்கிழமை அப்பாசாமி உருவிப் பார்த்து, “பரவால்ல, பொம்பளப் பிள்ளை தேறிட்டா,” என்பார். அடிக்காத வகுப்பில் பாடம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது, அரையும் குறையுமாக. மழையில்லாத நாளில் நன்றாகவே நடந்தது.

மூன்றாம் வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பிள்ளை. வாய் ஓயாது. அதன் அப்பா மருதமுத்து நகராட்சியில் கால்வாய் கழுவுகிறவர். ஒருநாள் காக்கிச் சிலுவார் கால்சட்டையோடு, காலில் சேறோடு, மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போனார்.

“சார், இந்தப் பிள்ளை காலைப் பாருங்க. கையப் பாருங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல சார், அதான் கேக்க வந்தேன். ஒரு கோடு இல்ல. ஒரு வீக்கம் இல்ல. பூஜைக்கு நானே ரோத்தான் வாங்கிக் குடுத்தேன். நல்ல கனமான ரோத்தான். டீச்சரு அத வச்சி ஒட்டடை அடிக்கிறாங்களா?”

அஞ்சலை, “அப்பா, அடிக்காமயே எனக்கு எட்டாம் வாய்ப்பாடு வருதுப்பா. சொல்லட்டா? ஓரெட்டு எட்டு...” என்றது.

“வாய மூடு! அடி வாங்காம வந்த வாய்ப்பாடு நாளைக்கே மறந்து போவும்.” மருதமுத்து கால்சட்டையைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினார். வெள்ளையாக ஒரு தழும்பு. “நான் தோட்டத்துல ஒரு வருஷம்தான் சார் படிச்சேன். வாத்தியாரு உரிச்சி எடுத்தாரு. அந்த ஒரு வருஷத்துல கத்துக்கிட்டதுதான், இன்னிக்கும் சம்பளத்தன்னிக்கு என் பேர நானே எழுதுறேன். கூட வேலை செய்யிறவன்லாம் கட்டைவிரல் வைக்கிறான். எம்பிள்ளையும் எழுத வேணாமா?”

அவர் கெட்ட அப்பன் இல்லை. தழும்பையும் எழுத்தையும் ஒன்றாக வாங்கியவர். இரண்டும் ஒரே சரக்கு என்று நினைத்துவிட்டார்.

அவர் போனதும் அப்பாசாமி சாரதாம்பாளின் மேசைக்கு வந்தார். அப்போதுதான் மழை பிடித்தது. பிரம்பை எடுத்தார். இந்தத் தடவை உருவவில்லை. நுனியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். நாரை விரலால் நெருடினார். சாம்பல் நிறத்தில் தூள் உதிர்ந்தது.

தமிழ்ப் பிள்ளைகள் காலில் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வரும். அந்தத் தோலில் பட்டுப் பட்டுப் பிரம்பு எண்ணெய் குடித்துவிடும். கறுத்து, மினுங்கி, வாடை அடிக்கும். நல்லையாவின் பிரம்பு அப்படித்தான் இருந்தது. சாரதாம்பாளின் பிரம்பு நுனி கிழிந்திருந்தும் வைக்கோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“சிமெண்டுல தேய்ச்சியா?”

அவள் மேசைமேல் உதிர்ந்த தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“என்னைய மடையன்னு நெனச்சியா? பள்ளிக்கூடத்த மூட ஆளுக்காள் காத்துக்கிட்டு நிக்கிறான். நீ இங்க நாடகம் ஆடுறியா? அஞ்சலை! இங்க வா.”

பிள்ளை எழுந்து வந்தது. முகத்தில் இன்னும் சிரிப்பு பாக்கி இருந்தது. தன்னைப் பெரிய வாத்தியார் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார் என்று நினைத்திருக்கும்.

“அடி இத.”

“அது ஒண்ணும் செய்யலைங்க சார்.”

“நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் அடி.”

“மாட்டேங்க சார்.”

அப்பாசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். வளையல் உடைந்து தோலில் இறங்கியது. புறங்கையில் அடித்தார். விரல் கணுக்களில் அடித்தார். அத்தனை பிள்ளைகளும் பார்த்தன. பயத்தில் சில பிள்ளைகள் சிரித்தன. மழையில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை, பற்கள் மட்டும் தெரிந்தன. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நல்லையா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அடிக்கிறியா, தோட்டத்துக்குப் போறியா?”

பிரம்பை அவள் கையில் திணித்தார். அவள் முதல் அடியை மெதுவாகத்தான் போட்டாள். “இதுக்குப் பேரு அடியா?” என்று அவர் அவள் தோளில் ஒன்று வைத்தார். இரண்டாவது அடி கொஞ்சம் ஓங்கி விழுந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அஞ்சலையின் காலில் விழுந்தது, கையில் விழுந்தது. பிள்ளை திரும்பியபோது முதுகில் விழுந்தது. குனிந்தபோது கழுத்தில் விழுந்தது. பிள்ளை வாயைத் திறந்து அலறியது, மழை அந்த அலறலைத் தின்றது. சத்தமில்லாமல் அழுகிற பிள்ளையை அடிப்பது சுலபமாக இருந்தது. உறைந்துபோய் நின்ற அப்பாசாமி, “போதும்,” என்றார். “போதும்மா. போதுங்கிறேன்ல!” என்று அவர் கத்தினதும் அவள் காதில் ஏறவில்லை. நல்லையா ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்தார். திரும்பி அவர் முகத்தில் போட்டாள். கண்ணுக்குக் கீழே கிழிந்து இரத்தம் வழிந்தது. மறுபடி பிள்ளை பக்கம் திரும்பினாள்.

பிரம்பு முறிந்ததால்தான் நின்றது.

அஞ்சலை சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லையா அதைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார்.

சாரதாம்பாளுக்குத் தலைவலி போயிருந்தது. உடம்பெல்லாம் இலேசாக இருந்தது.

தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிழைத்தது, சொன்னேன் அல்லவா?

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலம் வெயில் சாயும் நேரம் நியோமா அறைக் கதவைத் தட்டி, ஆள் வந்திருக்கிறது என்று சைகை காட்டினாள். வாசலில் மருதமுத்து. துவைத்த சட்டை போட்டு, தலைசீவி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் புதுப் பிரம்பும் வைத்திருந்தார். பக்கத்தில் அஞ்சலை. கழுத்திலும் கையிலும் மஞ்சள் பற்று. நிற்க முடியாமல் அப்பன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“கோவிச்சிக்காதீங்க டீச்சரம்மா,” என்று மருதமுத்து சிரித்தார். “நான் பெரிய வாத்தியார்கிட்டப் போயிச் சொன்னது தப்பா எடுத்துக்காதீங்க. இப்பத்தான் டீச்சரு பாடம் நடத்த ஆரம்பிச்சிருக்காங்கன்னு வீட்டுல சொன்னேன். இவ அம்மா கொஞ்சம் அழுதா. பொம்பள தானே. ராத்திரி பூராக் காய்ச்சல், இப்ப பரவால்ல. ஏய், விழுந்து கும்புடு.”

அஞ்சலை வலியோடு குனிந்து டீச்சர் காலைத் தொட்டது.

சாரதாம்பாள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “மருதமுத்து அண்ணே, உங்க பிள்ளை ஒரு தப்பும் செய்யல.”

“பிள்ளைன்னா தப்பு செய்யும் டீச்சரம்மா.”

“செய்யல. எட்டாம் வாய்ப்பாடு நல்லாத்தான் சொல்லுது. பெரிய வாத்தியாரு என்னைய அடிச்சாரு, நான் அதை அடிச்சேன். ரெண்டு அடிதான் அவரு அடிக்கச் சொன்னதுக்கு. மீதியெல்லாம் எனக்கு நல்லா இருந்துச்சுன்னு அடிச்சேன். தலைவலி போச்சு அண்ணே. அதுக்குத்தான் அடிச்சேன்.”

மருதமுத்துவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. மகளின் கழுத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்ததும் ஓங்கி அறைந்தார். கால்வாய் வாருகிற கை. சாரதாம்பாள் கதவு நிலையில் மோதிச் சரிந்தாள். உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. மறுபடி ஓங்கினார். நியோமா சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்று மலாயில் கத்தினாள். அக்கம்பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சாரதாம்பாள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

“நாளைக்கும் பிள்ளைய அனுப்புவேன்,” என்றார் மருதமுத்து. குரல் உடைந்திருந்தது. “வேற எங்கடி அனுப்புறது? வேற எந்தப் பள்ளிக்கூடம் இருக்கு எங்களுக்கு? இன்னொரு தடவ எம்பிள்ள மேல கை வச்சே...” முடிக்கவில்லை. அஞ்சலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாங்கிவந்த பிரம்பைக் காலால் மிதித்து முறிக்கப் பார்த்தார். நல்ல கனமான பிரம்பு, முறியவில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் சாரதாம்பாள் வீங்கிய உதட்டோடு வகுப்புக்கு வந்தாள். மழை இல்லை. அவள் மேசைமேல் அப்பாசாமி ஒரு புதுப் பிரம்பு வைத்திருந்தார். அவர் குரலில் அவள் அதுவரை கேட்டிராத மரியாதை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் போச்சு. போகட்டும். இனிமே வகுப்பு உன் கையில நிக்கும். பாரு, மூச்சு விடுறானுங்களா? இன்ஸ்பெக்டர் வர்றாரு, உன்னப் பத்தி நல்லாவே சொல்றேன். நிரந்தரம் ஆயிடும்.”

உண்மைதான். வகுப்பு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அஞ்சலை, கழுத்து மஞ்சளோடு. ஒரு வருஷமாகக் கத்தியும் கிடைக்காத அமைதி சாரதாம்பாளுக்கு அன்றைக்குக் கிடைத்திருந்தது.

“இது எனக்கு வேணாங்க சார்,” என்று பிரம்பை அவரிடமே நீட்டினாள். “நான் இனிமே தொடமாட்டேன். இல்லாமப் பாடம் நடத்த விட்டா நடத்துறேன்.”

அப்பாசாமி கூடத்தைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் அவரைத்தான் பார்த்தன. நல்லையாவும் கன்னத்துக் கட்டோடு பலகை ஓரமாக வந்து நின்று பார்த்தார். “எனக்கே உத்தரவு போடுறியா?” என்று பிரம்பைப் பிடுங்கி ஓங்கினார். இறங்கி வந்த பிரம்பை அவள் நடுவில் பிடித்துவிட்டாள். அவர் இழுத்தார், அவள் விடவில்லை. தோட்டத்தில் தண்ணீர் தூக்கி வளர்ந்த கை. ஒரே இழுப்பில் பிரம்பு அவள் பக்கம் வந்துவிட்டது. அப்பாசாமி தடுமாறி மேசையில் சாய்ந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

“அடிங்க டீச்சர்!”

யார் முதலில் கத்தினது என்று தெரியாது. அப்புறம் எல்லாரும். பெரிய வகுப்புப் பையன்கள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்கள். அடிங்க, அடிங்க, மண்டையில போடுங்க என்று தகரம் அதிர்ந்தது. எல்லாருக்கும் மேலே ஒரு குரல் கிறீச்சென்று கேட்டது. அஞ்சலை. இரண்டு கையையும் முட்டியாக்கிக்கொண்டு, கண் பளபளக்க, “அடிங்க டீச்சர்! விடாதீங்க! எனக்கு அடிச்ச மாதிரி அடிங்க!” என்று குதித்தது.

உங்களுக்கும் அவள் அடிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும் இருக்கிறது. அவளுக்கும் இருந்தது. கை மேலே போய்விட்டது. அடி இன்னும் விழவே இல்லை, அதற்குள் தலைக்குள்ளே அந்தச் சில்லிப்பு பரவ ஆரம்பித்துவிட்டது. அவள் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலும் அதே சுகம் பரவிக்கொண்டிருந்தது.

கையை விரித்தாள். பிரம்பு கீழே விழுந்தது.

அப்பாசாமி குனிந்து அதை எடுத்தார். அவமானம் மனிதரைச் சும்மா விடுமா? முழு பலத்தையும் வைத்து அவள் கன்னத்தில் போட்டார். காதிலிருந்து தாடைவரை பிளந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இன்னொன்று போட்டார். கத்தல் அடங்கிவிட்டது. மூன்றாவதற்கு ஓங்கின கையை நல்லையா வந்து பிடித்தார். பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். “போ வெளிய! இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!” என்று அப்பாசாமி கத்தினார். அந்தக் குரலில் அழுகை இருந்தது.

வேலை போய்விட்டது, கண்ணுகளா. நிரந்தரமும் இல்லை, ஒன்றும் இல்லை.

சாரதாம்பாள் தன் குடையை எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். கழுத்து வழியாக இரத்தம் சேலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் நின்றாள். அஞ்சலை படக்கென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு தோளுக்குள் தலையைப் புதைத்தது.

அவள் தொடவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையோடு அங்கேயே நின்றாள். மேடையிலிருந்து போ போ என்று சத்தம் வந்தது. நின்றாள். முதலில் ஒரு விரல் விலகி ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் அவள் கையைப் பார்த்தது, இரத்தத்தைப் பார்த்தது, மறுபடி கையைப் பார்த்தது. கை கொஞ்சமாக இறங்கியது. பிறகு முழுக்க இறங்கி மடியில் கிடந்தது.

அதற்கப்புறம்தான் அவள் வெளியே போனாள்.